பீரோவுக்குள் ஆறு தக்காளிச் செடி

எங்க டிபார்ட்மென்ட் பில்டிங் பின்பக்கமா ராத்திரி நடந்து போயிருந்தீங்கன்னா, இரண்டாவது மாடியில ஒரு ஜன்னல் மட்டும் ஊதா கலர்ல ஒளிர்றதைப் பார்த்திருப்பீங்க. அதைப் பத்தி காலேஜ்ல நிறைய கதை ஓடுச்சு. கடைசியில செக்யூரிட்டி அண்ணா ஒரு நாள் நேரா மேல ஏறி வந்து கேட்டே கேட்டுட்டார்: "ஏம்மா, உள்ள கஞ்சா கிஞ்சா வளக்கலையே?"

"இல்லண்ணா, தக்காளி."

அவர் நம்பல. கதவைத் திறந்து காட்டினேன். ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்துட்டு, "தக்காளிதான்"னு சொல்லிட்டு இறங்கிப் போனார்.

அவர் கேட்டதுல தப்பில்லை. வீட்டுக்குள்ள விளக்கு வெளிச்சத்துல செடி வளர்க்கிறதைப் பத்தி இங்கிலீஷ்ல தேடிப் பாருங்க, முதல்ல வந்து நிக்கிறது அந்தச் செடிதான். கனடாவுல 2018-லேருந்து அது சட்டப்படி சரி. அமெரிக்காவுல பல மாநிலங்கள்லயும் அப்படித்தான். அதனால இலை ஏன் மஞ்சளாகுது, எதைத் தெளிக்கணும்னு அங்குலம் அங்குலமா வீடியோ போடுறவங்கள்ல நிறைய பேர் அந்த ஊர்க்காரங்க. இங்க அனுமதி இல்லாம அதை வளர்த்தா 1985-ம் வருஷத்து போதைப்பொருள் சட்டத்துல உள்ள போயிடுவோம். ஆனா அவங்க இலையும் எங்க தக்காளி இலையும் தண்ணியையும் உப்பையும் உள்ள வாங்குற முறை ஒண்ணுதான். அப்படித்தான் நாங்க நாலு பேரும் அந்த வீடியோக்களை லேப்ல உக்காந்து பார்த்தோம், யாராவது பின்னாடி வர்றாங்களான்னு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே.

இந்தக் கட்டுரை அந்த ஆறு தக்காளிச் செடிகளைப் பத்தினது. இரண்டாவது ரிவ்யூல நாங்க செஞ்ச ஒரு வேலையைப் பத்தியும்தான். அதை வரிசையா வரும்போது சொல்றேன்.

ப்ராஜெக்ட் இதுதான். டிபார்ட்மென்ட் ஸ்க்ராப்ல கிடந்த ஒரு ஸ்டீல் பீரோவை எடுத்து, உள்ள எல்இடி விளக்கு, சின்ன ஃபேன், கீழே ஒரு இருபது லிட்டர் டப். டப்புல உரக் கரைசல், மீன் தொட்டிக்கு வைக்கிற ஏர் பம்ப். மண்ணே கிடையாது. வேர் நேரா தண்ணியில தொங்கும். பிஹெச் சென்சார், வெப்பநிலை, ஈரப்பதம் எல்லாம் ஒரு போர்டுல கனெக்ட் பண்ணி, கிராஃபா போன்ல வரும். மேல ஒரு கேமரா. அது இலையைப் பார்த்து "இந்தச் செடிக்கு என்ன குறை"ன்னு சொல்லணும். கேட்க நல்லா இருக்கு இல்ல? ஜீரோத் ரிவ்யூல எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு.

ஜனவரி கடைசியில நாலாம் நம்பர் செடி மஞ்சளாக ஆரம்பிச்சுது. ரெண்டு நாள்ல மத்த அஞ்சும்.

கேமரா மாடல்கிட்ட கேட்டோம். "தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸ், 94 சதவீதம்"னு சொல்லுச்சு. மூடின பீரோ, விதையிலேருந்து நாங்களே முளைக்க வெச்ச செடி, வைரஸைப் பரப்புற வெள்ளை ஈ ஒண்ணுகூட உள்ள இல்லை. வைரஸ் எங்கேருந்து வரும்? அப்பத்தான் நாங்க ட்ரெயின் பண்ண பிளான்ட்வில்லேஜ் டேட்டாசெட்டையே ஒழுங்கா திறந்து பார்த்தோம். ஐம்பதாயிரத்துக்கும் மேல படம், 38 வகை. எல்லாம் நோய் இல்லைன்னா ஆரோக்கியம். சத்துக் குறைபாடுன்னு ஒரு வகையே அதுல கிடையாது! தெரிஞ்ச 38-ல எது பக்கமோ அதைத்தானே மாடல் சொல்லும். அந்த டேட்டாசெட்டை வெச்சு 2016-ல வந்த பிரபலமான ஆய்வுல 99 சதவீதத்துக்கு மேல துல்லியம் வந்துச்சு. அதே மாடலுக்கு வேற சூழ்நிலையில எடுத்த படத்தைக் காட்டினப்போ சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. அதுவும் அதே பேப்பர்லயே எழுதியிருக்கு. நாங்க முதல் நம்பரை மட்டும் ஸ்லைடுல போட்டிருந்தோம்.

சரி, மாடல் வேண்டாம், நாமளே யோசிப்போம்னு முடிவு பண்ணோம். மஞ்சள்னா நைட்ரஜன் குறைவு. இது எல்லாருக்கும் தெரியும். அதனால யூரியா தெளிக்கலாம். எவ்வளவு?

இங்க எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்துச்சு. எங்க சித்தப்பா மன்னார்குடி பக்கம் விவசாயம் பார்க்கிறார். சின்ன வயசுல லீவுக்குப் போனா, உளுந்து பூக்கிற சமயத்துல டிஏபி கரைச்சு அடிப்பாங்க. ஏக்கருக்கு நாலு கிலோ டிஏபியை முதல் நாள் ராத்திரியே வாளித் தண்ணியில ஊற வெச்சு, காலையில தெளிஞ்சதை மட்டும் துணியில வடிகட்டி, இருநூறு லிட்டர் தண்ணியில கலப்பாங்க. கணக்குப் போட்டா 2 சதவீதம். வடிகட்டுற துணியைப் பிடிச்சுக்கிறது என் வேலை. அந்த 2 சதவீதம் எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. அதே கணக்குல லிட்டருக்கு இருபது கிராம் யூரியா கலக்கினேன்.

லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு மூடிடும். அதனால அஞ்சு மணிக்கே தெளிச்சேன். விளக்கு ஃபுல்லா எரியுது, ஃபேன் ஓடுது. இலை முழுக்க முத்து முத்தா தண்ணி. பார்க்க அழகா இருந்துச்சு, ஸ்டேட்டஸ் கூட போட்டேன்.

மறுநாள் மதியம் இலை ஓரமெல்லாம் காகிதம் கருகின மாதிரி பழுப்பு. எங்கெங்க முத்து நின்னுச்சோ அங்கெல்லாம் வட்ட வட்டமா காய்ஞ்ச புள்ளி.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், நீங்களும் மாடியில செடி வெச்சிருந்தா உபயோகப்படும். இலை மேல கியூட்டிகிள்னு மெழுகு மாதிரி ஒரு படலம் இருக்கு. அதோட வேலையே தண்ணியை உள்ளயும் வெளியயும் போகவிடாம காக்கிறது. அதுல இருக்கிற ரொம்ப நுண்ணிய வழிகள்லயும், கொஞ்சம் இலைத்துளைகள் வழியாவும் கரைசல் உள்ள போகும். ஆனா சொட்டு ஈரமா இருக்கிற வரைக்கும்தான் அது நடக்கும். காய்ஞ்சா நின்னுடும். சுள்ளுனு வெளிச்சமும் காத்தும் இருந்தா தண்ணி சீக்கிரம் ஆவியாகி, சொட்டுக்குள்ள இருக்கிற உப்பு கெட்டியாகிக்கிட்டே வரும். நீங்க கலந்தது 2 சதவீதமா இருக்கலாம். காயறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி அந்த இலை மேல இருக்கிறது அதுக்குப் பல மடங்கு. அந்த உப்பு இலை செல்லுல இருக்கிற தண்ணியை வெளிய உறிஞ்சிடும். மீனுக்கு உப்புத் தடவி வெச்சா தண்ணி விடுமே, அதே கதைதான். போதாததுக்கு பீரோவுக்குள்ள வெயிலும் மழையும் படாம வளர்ந்த இலைக்கு தோலே மெல்லிசு. வயல் உளுந்துக்குத் தாங்குற அளவு இதுக்குத் தாங்காது. யூரியாவும் டிஏபியும் ஒண்ணும் இல்லை. யூரியா இலைக்குள்ள ரொம்ப வேகமா போகும்.

சித்தப்பா சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிப்பார். எனக்கு நம்பர் ஞாபகம் இருந்துச்சு, நேரம் ஞாபகம் இல்லை. விளக்கையும் ஃபேனையும் ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணியிருந்தாலே பாதி தப்பிச்சிருக்கும்.

அதுக்கப்புறம்தான் இலையை வெள்ளை வெளிச்சத்துல பார்த்தோம். ஊதா விளக்குல எல்லா இலையும் ஒரே மாதிரி கருப்பாத் தெரியும். அதை அணைச்சுட்டு போன் டார்ச்சுல பார்த்தப்போதான் கண்ணுக்குப் பட்டுச்சு: மஞ்சளா இருக்கிறது உச்சியில வந்த இளம் இலைங்க. அதுலயும் நரம்பு மட்டும் பச்சை, நரம்புக்கு நடுவுல மஞ்சள். கோலத்துல கோடு மட்டும் போட்டு உள்ள கலர் கொடுக்காம விட்ட மாதிரி.

நைட்ரஜன் குறைஞ்சா அப்படி வராது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செடிக்குள்ள இடம் மாறக்கூடியது. தட்டுப்பாடு வந்தா செடி பழைய இலையில இருந்து உருவி புது இலைக்குக் கொடுத்திடும். அதனால கீழ் இலைதான் முதல்ல வாடும். இரும்பு, கால்சியம் ஒரு இலையில போய் உக்காந்தா அங்கேயேதான். தட்டுப்பாடு வந்தா பழைய இலை பச்சையாவே இருக்கும், புதுசா பிறக்கிறது மஞ்சளா பிறக்கும். எங்களுக்குக் குறைஞ்சது இரும்பு. நான் பன்னிரண்டாவதுல பயாலஜி எடுக்கலை, கம்ப்யூட்டர் சயின்ஸ். எடுத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்குமோ என்னவோ.

இரும்பைத் தெளிக்கிறது புதுசு இல்லை. பிரான்ஸ்ல யூசெப் கிரிஸ்னு ஒருத்தர் 1840-கள்லயே மஞ்சள் இலைக்கு இரும்பு உப்புக் கரைசல் கொடுத்து பச்சையாக்கிக் காட்டினார். 1950-கள்ல அமெரிக்காவுல மிச்சிகன்ல டூக்கி, விட்வர்னு ரெண்டு பேர் கதிரியக்க பாஸ்பரஸை இலையில வெச்சு, அது செடிக்குள்ள எங்கெங்க போகுதுன்னு தடம் பிடிச்சாங்க. இலை வழியாவும் செடி சாப்பிடும்னு சந்தேகமில்லாம தெரிஞ்சது அப்பத்தான்.

இந்தத் தடவை அளவைப் பார்த்தே செஞ்சோம். லிட்டருக்கு அஞ்சு கிராம் ஃபெரஸ் சல்பேட், ஒரு கிராம் சிட்ரிக் ஆசிட். ஆசிட் சேர்க்கலைன்னா கரைசல் கொஞ்ச நேரத்துல துருப்பிடிச்ச கலருக்கு மாறிடும், அதுக்கப்புறம் இலை அதை வாங்காது. விளக்கை அணைச்சுட்டு தெளிச்சோம். நாலு நாள்ல ஒரு வேடிக்கை நடந்துச்சு. சொட்டு விழுந்த இடம் மட்டும் பச்சைப் புள்ளியா மாறியிருந்தது. மஞ்சள் முகத்துல பச்சை மச்சம் மாதிரி. இரும்பு விழுந்த இடத்தை விட்டு நகரலை. புத்தகத்துல படிச்சதை கண்ணால பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்துலயே, இரண்டாவது ரிவ்யூவுக்கு அஞ்சு நாள் முன்னாடி இன்னொரு தடவை தெளிச்சோம். இந்த முறை கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து. சோப்பு சேர்த்தா சொட்டு முத்தா நிக்காது, இலை முழுக்கப் பரவிடும். ரெண்டு பக்கமும் தெளிச்சோம், புள்ளி தெரியாம. கருகின இலைகளைக் கத்தரிச்சு எடுத்துட்டோம்.

இப்போ அந்த விஷயத்துக்கு வர்றேன்.

ரிவ்யூவுக்கு முதல் நாள் எங்க டீம்ல ஒருத்திக்கு சந்தேகம் வந்து, டப்புத் தண்ணியை ஒரு பாட்டில்ல எடுத்துக்கிட்டு கெமிஸ்ட்ரி லேப்புக்குப் போனா. அங்க இருக்கிற மீட்டர்ல பிஹெச் 7.9. எங்க சென்சார் 6.2-ன்னு காட்டுது. மூணு வாரமா 6.2. ஆடாம அசையாம ஒரே கோடு. செடி வளர்ற தண்ணியில பிஹெச் தினமும் ஏறி இறங்கும், நேர்க்கோடா இருந்தாலே அது பொய்னு அர்த்தம். செமஸ்டர் லீவுல அந்த சென்சாரோட கண்ணாடி முனையைக் கரைசல்ல வைக்காம காயவிட்டுட்டோம். திரும்பி வந்து கேலிபரேட்டும் பண்ணலை.

6.2-க்கும் 7.9-க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணும். தண்ணியில கரைஞ்சிருக்கிற ஃபெர்ரிக் இரும்பு, பிஹெச் ஒரு புள்ளி ஏறினா ஆயிரத்துல ஒரு பங்கா குறைஞ்சிடும். நாங்க உரத்துல இரும்பு போட்டுக்கிட்டேதான் இருந்தோம். அது கரைசல்ல நிக்காம அடியில படிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. டப்பு அடியில செம்மண் கலர்ல ஒரு வண்டல் இருந்ததை எல்லாரும் பார்த்தோம். பம்ப் துருன்னு நினைச்சோம். வேருக்குப் பக்கத்துலயே சோறு கொட்டிக் கிடக்க, செடி பட்டினி கிடந்திருக்கு.

இது எல்லாம் தெரிஞ்ச பிறகு மறுநாள் ரிவ்யூ. நாலு பேரும் கேன்டீன்ல உக்காந்து பேசினோம். சொல்லிடலாமா? சொன்னா மூணு வார டேட்டா போச்சு. ரிவ்யூ மார்க் போச்சு. கான்ஃபரன்ஸ் பேப்பருக்கு வேற கடைசித் தேதி நெருங்குது. யாரும் "மறைச்சிடலாம்"னு வாயால சொல்லலை. "முதல்ல ரிவ்யூ முடியட்டும்"னுதான் சொன்னோம். சொன்னது நான்.

செடிங்க பச்சைப்பசேல்னு இருந்துச்சு. பேனல்ல வந்தவங்க பீரோ கதவைத் திறந்து பார்த்துட்டு சிரிச்சாங்க, ஒருத்தர் போட்டோகூட எடுத்துக்கிட்டார். பிஹெச் ஸ்லைடு வந்தப்போ நான்தான் பேசினேன். "எங்க சிஸ்டம் பிஹெச்சை 6.2-ல நிலையா வெச்சிருக்கு, அதனாலதான் இலை ஆரோக்கியமா இருக்கு." இந்த வாக்கியத்துல ஒரு வார்த்தைகூட உண்மை இல்லைன்னு எனக்குத் தெரியும். மார்க் நல்லா வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எல்லாரும் சேர்ந்து புரோட்டா சாப்பிடப் போக முடியாதுன்னு மதியமே போனோம், ஹாஸ்டல் கேட்தான் காரணம். நல்லாத்தான் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சியெல்லாம் உடனே வரலை.

பத்து நாள்ல புது இலை வந்துச்சு. மறுபடி மஞ்சள். இலையில தெளிச்ச இரும்பு அந்த இலையோட நின்னுடும், அடுத்துப் பிறக்கிற இலைக்குப் போகாது.

அந்த வாரம் ரெண்டு விஷயம் நடந்துச்சு.

முதலாவது, சித்தப்பா வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினார். உளுந்து இலை, மஞ்சள். "பாப்பா, நீதான் செடி ப்ராஜெக்ட் பண்றியே, இது என்னன்னு சொல்லு." எனக்கு ஒரே பெருமை. உடனே டைப் பண்ணேன்: இரும்புச் சத்துக் குறைவு சித்தப்பா, ஃபெரஸ் சல்பேட் லிட்டருக்கு அஞ்சு கிராம், சாயங்காலம் அடிங்க.

ரெண்டு நிமிஷத்துல போன் வந்துச்சு. சிரிப்புச் சத்தம்தான் முதல்ல கேட்டுச்சு.

"பாப்பா, உன்னைச் சும்மா சோதிச்சேன். இது மஞ்சத் தேமல். வெள்ளை ஈ கொண்டாந்து விடுற வைரஸ். நரம்பைப் பார்த்தியா நீ? உன் இரும்புக் குறைவுல மஞ்சள் நரம்புக்கு அடங்கி நிக்கும். இதுல பாரு, நரம்பைத் தாண்டித் திட்டுத் திட்டா போயிருக்கு. நீ சொன்னதை அடிச்சா மருந்து காசும் ஆள் கூலியும்தான் மிச்சம்."

"அப்ப என்ன பண்ணீங்க சித்தப்பா?"

"வந்த செடியைப் பிடுங்கிப் போட்டாச்சு. மஞ்சள் அட்டை ஒட்டி வெச்சிருக்கேன், ஈ பிடிக்க."

யோசிச்சுப் பாருங்க. எங்க மாடல் இரும்புக் குறைவைப் பார்த்து வைரஸ்னு சொல்லுச்சு, அதைப் பார்த்து நாங்க எவ்வளவு சிரிச்சோம்! நான் வைரஸைப் பார்த்து இரும்புக் குறைவுன்னு சொன்னேன். ரெண்டு பேரும் தெரிஞ்ச ஒண்ணையே எல்லாத்துக்கும் சொன்னோம். அந்த 94 சதவீதத்தோட நம்பிக்கைதான் எனக்கும் இருந்துச்சு.

அப்புறம் எங்க செடியைப் பத்திக் கேட்டார். எல்லாத்தையும் சொன்னேன், ரிவ்யூ கதையைத் தவிர. ஆசிட் ஊத்தி பிஹெச் இறக்கினாலும் மறுநாள் திரும்ப ஏறிடுதுன்னு சொன்னேன்.

"என்ன தண்ணி?"

"போர் தண்ணி."

"சோப்பு நுரைக்குமா?"

ஹாஸ்டல்ல இருக்கிற உங்களுக்கே தெரியும். தலைக்குக் குளிச்சா ஷாம்பு நுரைக்கிறதுக்குள்ள கிளாஸ் பெல் அடிச்சிடும்.

"நுரைக்காது சித்தப்பா."

"அப்புறம் இலையில என்ன தேடிக்கிட்டிருக்க?"

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துடுச்சு. "நீங்க மட்டும் இலையில டிஏபி அடிக்கிறீங்களே"ன்னு கேட்டேன். அவர் சொன்ன பதில் எந்த வீடியோவுலயும் நான் கேக்காதது. அவங்க பக்கம் சம்பா நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே நிக்கிற பயிருக்குள்ள உளுந்தைத் தெளிச்சிடுவாங்க. உழவு கிடையாது, பாசனம் கிடையாது. நெல்லுக்கு விட்ட தண்ணியில மிச்சம் இருக்கிற ஈரத்துலயே அது வளர்ந்து காய்க்கணும். காய்ஞ்சுக்கிட்டு வர்ற அந்த மண்ணுல உரத்தைப் போட்டா கரையாது, வேருக்குப் போகாது. அதனாலதான் பூக்கும்போது ஒரு தடவை, பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு தடவை இலையில அடிக்கிறாங்க. வேளாண் பல்கலைக்கழகமும் நெல் தரிசு உளுந்துக்கு அதையேதான் பரிந்துரைக்குது. "எங்களுக்கு வேர் வழி அடைச்சிருக்கு, அதனால இலை வழியா ஊட்டுறோம். உனக்கு டப்பு கண்ணு முன்னாடி இருக்கு. கையை விட்டுக் கலக்க வேண்டியதுதானே?"

இலையால வாங்க முடியிற அளவும் கொஞ்சம்தான். இரும்பு, துத்தநாகம் மாதிரி செடிக்குத் துளி தேவைப்படுற சத்துக்குத் தெளிப்பு நல்ல முதலுதவி. நைட்ரஜன், பொட்டாசியம் மாதிரி மொத்தமா வேணும்ங்கிறதை முழுக்க இலை வழியா கொடுக்க முடியாது. கருக விடாம கொடுக்கக்கூடிய அளவு செடியோட பசிக்குப் பத்தாது.

இரண்டாவது விஷயம். மூணாவது வருஷப் பையன் ஒருத்தன் லேப்புக்கு வந்தான். அடுத்த வருஷம் எங்க ப்ராஜெக்டை எடுத்துப் பண்ணப் போறானாம். "அக்கா, உங்க ரிவ்யூ ப்ரெசன்டேஷன் பார்த்தேன், செம்ம. பிஹெச் டேட்டா எல்லாம் கிடைக்குமா? அதை வெச்சு நான் மாடல் ட்ரெயின் பண்ணிக்கிறேன்."

பென்டிரைவை நீட்டிக்கிட்டு நிக்கிறான். மூணு வாரத்து 6.2. அவன் அதை நம்புவான். அவன் மாடல் அதைக் கத்துக்கும்: மஞ்சள் இலைக்கும் பிஹெச்சுக்கும் சம்பந்தமே இல்லைன்னு. அவனும் என்னை மாதிரி யூரியாவுல ஆரம்பிப்பான். எனக்கு அப்பத்தான் வயித்தைப் பிசைஞ்சுது. "நாளைக்குத் தர்றேன்"னு அனுப்பிட்டேன்.

அன்னிக்கே நாலு பேரும் கைடு ரூமுக்குப் போனோம். நான்தான் பேசினேன், ஸ்லைடுல பேசினதும் நான்தானே. அவர் திட்டுவார்னு எதிர்பார்த்தோம். திட்டலை. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை, அது திட்டுறதை விட கஷ்டமா இருந்துச்சு. அப்புறம், "ரிவ்யூ மார்க்கை மாத்திப் போடுவேன். பேப்பர் இந்த வருஷம் வேண்டாம். சென்சாரைக் கேலிபரேட் பண்ணிட்டு மூணு வார டேட்டாவைத் திரும்ப எடுங்க"ன்னார். மாத்தித்தான் போட்டார். இன்டர்னல் அடி வாங்கிடுச்சு. டீம்ல ஒருத்தன் என்கிட்ட ரெண்டு வாரம் சரியா பேசலை. அவன் ஹையர் ஸ்டடீஸுக்கு அந்தப் பேப்பரை நம்பியிருந்தான். அவன் கோபத்துல நியாயம் இருக்கு.

அடுத்து செஞ்சது ரொம்ப சாதாரண வேலை. போர் தண்ணியில பைகார்பனேட் அதிகம், ஆசிட் ஊத்த ஊத்த அது விழுங்கிட்டு பிஹெச்சைத் திரும்ப மேல இழுக்கும். லேப் ஏசியிலேருந்து பைப்புல சொட்டுற தண்ணியைப் பார்த்திருப்பீங்க, அதுல உப்பே கிடையாது. ஒரு பக்கெட் வெச்சுப் பிடிச்சு, முக்கால் பங்கு ஏசி தண்ணி, கால் பங்கு போர் தண்ணின்னு கலந்தோம். கையுறை போட்டுக்கிட்டு பாஸ்பாரிக் ஆசிட் சொட்டுச் சொட்டா விட்டு 6-க்குக் கொண்டு வந்தோம். முதல்ல போட்ட இரும்பு இடிடிஏ வகை, அது பிஹெச் 6.5 தாண்டினா தாங்காது. அதை மாத்தி டிடிபிஏ வகை போட்டோம், அது 7-ஐத் தாண்டியும் கொஞ்சம் தாங்கும். சென்சாரை ரெண்டு பஃபர் கரைசல்ல வெச்சு கேலிபரேட் பண்ணோம். கிராஃப் மேலயும் கீழயும் ஆட ஆரம்பிச்சுது. அந்த ஆட்டத்தைப் பார்க்க அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு.

ரெண்டு வாரத்துல புது இலை பச்சையா பிறந்துச்சு. ஒரு சொட்டுகூடத் தெளிக்கலை. கத்தரிக்காம விட்ட கருகின இலைங்க மட்டும் அப்படியேதான் இருக்கு. அது ஆறாது. செத்த இடம் செத்ததுதான்.

உங்க வீட்டுல, ரூம்ல, பால்கனியில ஒரு செடி மஞ்சளானா, ஸ்ப்ரே பாட்டிலைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி இவ்வளவு மட்டும் பாருங்க. வெள்ளை வெளிச்சத்துல பாருங்க. மஞ்சளானது பழைய இலையா, புது இலையா? நரம்புக்குள்ள அடங்குதா, தாண்டுதா? அப்புறம் வேர், தண்ணி, பிஹெச். எல்லாம் பார்த்த பிறகும் தெளிக்கணும்னா, குறிச்ச அளவுல பாதியை ஒரே ஒரு இலையில தெளிச்சு ரெண்டு நாள் காத்திருங்க. வெயில் தாழ்ந்த பிறகு தெளிங்க. இலையோட அடிப்பக்கமும் நனையணும். மூடின இடமா இருந்தா ராத்திரி முழுக்க இலை ஈரமாவே கிடக்காம பார்த்துக்கோங்க, பூஞ்சை வந்திடும்.

ஜூனியர் பையனுக்கு டேட்டா கொடுத்துட்டேன். ஃபோல்டர்ல முதல் ஃபைல் பேரு "முதல்ல இதைப் படி". எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும் பிஹெச் பொய், யூரியா எவ்வளவு போட்டு எப்படிக் கருக்கினோம், ரிவ்யூவுக்கு முன்னாடி என்ன தெளிச்சோம், எல்லாம் அதுல இருக்கு. படிச்சுட்டு "அக்கா, இதெல்லாமா எழுதுவீங்க?"ன்னு கேட்டான். அவன்கிட்ட சொன்னதை உங்ககிட்டயும் சொல்லிடலாம்னுதான் இந்தக் கட்டுரை.

நாலாம் நம்பர் செடியில இப்போ மூணு காய் இருக்கு, இன்னும் பழுக்கலை. மே மாசம் வரைக்கும் பீரோ அங்கதான் இருக்கும். ஆறரைக்கு முன்னாடி வந்தீங்கன்னா நானே ஊதா விளக்கை அணைச்சுட்டுக் காட்டுறேன்.